இயற்பியல் படிக்க இரண்டு முறை இடம் தேடிய கதை

மாஸ்டர்ஸ் படிக்க இடம் தேடிய வருடம் என்னிடம் ஓர் எக்ஸெல் கோப்பு இருந்தது. இடப்பக்கம் இருபத்து மூன்று பல்கலைக்கழகங்களின் பெயர்கள், வலப்பக்கம் உலகத் தரவரிசையில் அவற்றின் எண்கள். எண்களை ஏறுவரிசையில் அடுக்கி, மேலிருந்து விண்ணப்பம் போட்டுக்கொண்டே வந்தேன். நான்கில் இடம் கிடைத்தது. அந்த நான்கில் எது மேலே இருந்ததோ அங்கே போனேன். முடிவெடுக்க ஒரு மாலைப்பொழுதுகூட ஆகவில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம், யாருடைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அவ்வளவு தூரம் வந்தேனோ அந்தப் பேராசிரியரின் அறைக்குப் போனேன். அலமாரிகள் பாதி காலியாக இருந்தன. புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். அடுத்த கோடையில் ஓய்வு. புது மாணவர்களை எடுப்பதை நிறுத்தியே இரண்டு வருடம் ஆகிவிட்டதாம். துறையின் இணையப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அன்பாகத்தான் பேசினார். ஒரு பழைய பாடநூலைக் கையில் கொடுத்து அனுப்பினார். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதோடு, நான் சேர்ந்தது ஓராண்டு மாஸ்டர்ஸ். ஒன்பது மாதம் வகுப்பும் தேர்வும், கடைசி மூன்று மாதம் ஒரு சின்ன ப்ராஜெக்ட், அதுவும் கணினியில். குளிர்நிலை இயற்பியல் செய்யப் போன நான், ஆய்வகத்தில் ஒரு திருகைக்கூடத் திருகாமல் பட்டம் வாங்கினேன். பட்டச் சான்றிதழில் பெரிய பெயர் இருந்தது. பிஹெச்டிக்கு நேர்காணல் செய்தவர்கள் ஒவ்வொருவரும் முதலில் கேட்டது, "நீங்கள் என்னென்ன கருவிகளில் வேலை செய்திருக்கிறீர்கள்?"

இரண்டாவது முறை தேடியபோது எக்ஸெல் கோப்பை மறுபடி திறந்தேன். தரவரிசைப் பத்தியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் "இங்கே யார், எதைச் செய்கிறார்கள்?" என்று எழுதினேன். இருபத்து மூன்று பெயர்களில் பதினாறு வரிசைகளை நிரப்ப எனக்கு எதுவும் தெரியவில்லை. முதல் தடவை எதை நம்பி ஒரு வருடத்தைக் கொடுத்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

தரவரிசைகள் பொய் என்று சொல்ல வரவில்லை. அவை எதை அளக்கின்றன என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்தினால் சரி. க்யூஎஸ் உலகத் தரவரிசையில் 30 சதவீத மதிப்பெண் கல்வியாளர்களிடம் எடுக்கும் கருத்துக்கணிப்பிலிருந்து வருகிறது. முன்பு அது 40 சதவீதமாக இருந்தது. ஷாங்காய் தரவரிசையில் முன்னாள் மாணவர்களும் பேராசிரியர்களும் வாங்கிய நோபல், ஃபீல்ட்ஸ் பரிசுகளுக்கு மட்டும் 30 சதவீதம். ஒருவர் முப்பது வருடம் முன்பு வாங்கிய பரிசு, நாளை காலை உங்களுக்கு ஒரு சமிக்ஞையை எப்படி அளப்பது என்று சொல்லித்தராது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இயற்பியல் நடக்கும் பல நல்ல இடங்கள் பல்கலைக்கழகங்களே கிடையாது. மியூனிக் அருகே கார்ஹிங்கில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் குவாண்டம் ஒளியியல் நிறுவனத்தை எந்தப் பல்கலைக்கழகப் பட்டியலிலும் பார்க்க முடியாது. அங்கே ஆராய்ச்சி செய்கிற மாணவர்கள் பட்டம் வாங்குவது மியூனிக்கின் பல்கலைக்கழகங்களில். அமெரிக்காவில் போல்டரில் உள்ள ஜிலா, கொலராடோ பல்கலைக்கழகமும் அந்நாட்டின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட்டும் சேர்ந்து நடத்தும் ஆய்வகம். எரிக் கார்னெலும் கார்ல் வீமனும் 1995-இல் ரூபிடியம் அணுக்களைக் குளிர்வித்து முதல் போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருளை (அணுக்கள் எல்லாம் ஒரே குவாண்டம் நிலையில் சேர்ந்துவிடும் பொருள்நிலை) உருவாக்கியது அங்கேதான். அயனிப் பொறிகளில், அதாவது மின்னேற்றம் உள்ள அணுக்களைப் பிடித்துவைக்கும் கருவிகளில், வேலை செய்ய ஆசைப்படுகிறவருக்கு ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் எவ்வளவு முக்கியமான ஊர் என்பது அந்தத் துறையில் உள்ளவர்களுக்குத் தெரியும். பொதுத் தரவரிசையின் முதல் நூறில் தேடினால் அந்தப் பெயர் கண்ணில் படாது.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருகிறவர் வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகர். அவர் கேம்பிரிட்ஜ் போனது எல்லோருக்கும் தெரியும். ஏன் போனார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபௌலர் 1926-இல் வெண்குறு விண்மீன்களைப் பற்றி, அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன்களைப் பற்றி, ஒரு கட்டுரை எழுதினார். அப்போது புதிதாக வந்திருந்த குவாண்டம் புள்ளியியலை வைத்து, அந்த விண்மீன்கள் தம் எடையைத் தாமே எப்படித் தாங்குகின்றன என்று விளக்கிய கட்டுரை. சந்திரசேகர் அதைப் படித்தார். அதே புள்ளியியலைக் காம்ப்டன் சிதறலுக்கு (ஒளி எலக்ட்ரான்களில் மோதிச் சிதறுவது) பயன்படுத்தித் தானே ஒரு கட்டுரை எழுதி, முன்பின் பார்த்திராத ஃபௌலருக்கு அனுப்பினார். ஃபௌலர் அதை ராயல் சொசைட்டிக்குக் கொண்டுபோனார், 1929-இல் அச்சானது. அடுத்த வருடம் 19 வயதில் கப்பலேறியபோது, அவர் போய்ச் சேர வேண்டிய மனிதர் யார் என்பது முடிவாகியிருந்தது. அந்தக் கப்பல் பயணத்தில் ஃபௌலரின் கணக்கோடு சார்பியலைச் சேர்த்துப் பார்த்ததில்தான், பிற்பாடு அவர் பெயரால் வழங்கிய எல்லை வந்தது: ஒரு வெண்குறு விண்மீனுக்கு இருக்கக்கூடிய அதிகபட்ச நிறை, சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. (1983-இல் அவரோடு நோபலைப் பகிர்ந்துகொண்டவர் பெயரும் ஃபௌலர்தான். ஆனால் அவர் வேறு, வில்லியம் ஃபௌலர்.)

கேம்பிரிட்ஜிலேயே அவர் உட்கார்ந்துவிடவும் இல்லை. 1931 கோடையில் கோட்டிங்கனில் மாக்ஸ் போர்னிடம் போனார், பிறகு கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் நிறுவனத்தில் ஏறக்குறைய ஒரு வருடம் இருந்தார். 1935 ஜனவரியில் புகழ்பெற்ற வானியலாளர் ஆர்தர் எடிங்டன் எல்லோர் முன்னாலும் அவர் முடிவை மறுத்துப் பேசினார். இரண்டு வருடம் கழித்து சந்திரசேகர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்துக்குப் போய், கடைசிவரை அந்தப் பல்கலைக்கழகத்திலேயே இருந்தார். முதலில் எங்கே சேர்கிறோம் என்பதில் வாழ்க்கையே முடிந்துவிடுவதாகப் பயப்படுகிற தம்பி தங்கைகளுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

சரி, அப்படியானால் எப்படித் தேடுவது? முதலில் உங்களுக்கே தெரிய வேண்டியது, நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்பது. பள்ளி முடித்து இளநிலைக்குப் போகிறவர் பேராசிரியரின் ஆராய்ச்சியைத் தேடி மூளையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மின்காந்தவியலின் மாக்ஸ்வெல் சமன்பாடுகள் எங்கே படித்தாலும் நான்குதான். அங்கே பார்க்க வேண்டியது வேறு: வாரா வாரம் கணக்குத்தாள் தருகிறார்களா, அதைத் திருத்தி உட்காரவைத்துப் பேசுகிறார்களா, ஆய்வக வகுப்பு உண்மையான ஆய்வக வகுப்பாக இருக்கிறதா. ஜெர்மனியின் பல துறைகளில் அந்தக் கணக்குத்தாள்களில் பாதி மதிப்பெண்ணாவது வாங்காவிட்டால் தேர்வே எழுத முடியாது. அது கொடுமையாகத் தெரியும். ஆனால் இயற்பியல் அப்படித்தான் கையில் ஏறும்.

முதுநிலையும் முனைவர் பட்டமும்தான் நாட்டுக்கு நாடு வெகுவாக மாறுகிறது. அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் இல்லாமலே நேரடியாக பிஹெச்டியில் சேரலாம். முதல் ஓரிரு வருடம் பாடங்கள், தகுதித் தேர்வு, அதற்குப் பின்தான் முழுநேர ஆராய்ச்சி. மொத்தம் ஐந்து, ஆறு வருடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, வகுப்பெடுப்பதற்கோ ஆராய்ச்சிக்கோ மாதாமாதம் உதவித்தொகை தருவார்கள். உங்களை எடுப்பது துறையின் குழு. போன பிறகுகூடக் குழு மாறலாம், துறையே மாறலாம். எதில் இறங்குவது என்று இன்னும் தெரியாதவருக்கு இந்த ஏற்பாடு பெரிய வரம்.

ஐரோப்பாவில் பிஹெச்டி என்பது பெரும்பாலும் ஒரு வேலை. விளம்பரம் வரும், விண்ணப்பிப்பீர்கள், நேர்காணல் நடக்கும், ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் தருவார்கள். மாஸ்டர்ஸ் முடித்திருக்க வேண்டும், எந்தத் தலைப்பில் வேலை என்பது முதல் நாளே தெரிந்துவிடும். மூன்று, நான்கு வருடத்தில் முடிந்துவிடும். யாரிடம் சேர்கிறோம் என்பதை முன்கூட்டியே சரியாகப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் நடுவில் மாறுவது கடினம். பிரிட்டனில் வெளிநாட்டு மாணவருக்கு அரசு ஆராய்ச்சி நிதி கிடைப்பது குறைவு. அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான யூகேஆர்ஐயின் மானியத்தில் வெளிநாட்டவருக்கு ஒதுக்கலாம் என்கிற உச்சவரம்பே 30 சதவீதம்தான்.

மாஸ்டர்ஸ் என்றால் நான் இப்போது யாருக்கும் முதலில் சொல்வது, ஆராய்ச்சிக்குக் குறைந்தது அரை வருடமாவது ஒதுக்கியிருக்கிறதா என்று பாருங்கள் என்பதுதான். ஜெர்மனியின் இயற்பியல் மாஸ்டர்ஸ் பெரும்பாலும் 120 கிரெடிட். அதில் இரண்டாம் வருடம் முழுவதும், அதாவது 60 கிரெடிட், ஒரு குழுவில் உட்கார்ந்து செய்கிற ஆராய்ச்சி. ஓராண்டுப் படிப்பில் இதற்கு இடமே கிடையாது. கோட்பாட்டு இயற்பியலுக்குப் போகிறவருக்கு ஓராண்டுப் படிப்பு நன்றாக ஒத்துவரலாம். கேம்பிரிட்ஜின் மூன்றாம் பகுதி என்று சொல்லும் கணித ஆண்டு அதற்குப் பெயர் போனது. கனடாவின் வாட்டர்லூவில் பெரிமீட்டர் நிறுவனம் நடத்தும் பத்து மாத மாஸ்டர்ஸும் அப்படி. அதில் கட்டணச் சுமையும் இல்லை. ஆய்வுக்கருவியைக் கையால் தொட விரும்புகிறவர் மட்டும் தயவுசெய்து என்னைப்போல் ஓராண்டில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பலர் கவனிக்காமல் விடும் ஓர் இடம், இத்தாலியின் திரியேஸ்தேயில் உள்ள ஐசிடிபி என்கிற சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையம். பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964-இல் தொடங்கியது. வளரும் நாடுகளிலிருந்து வருகிற மாணவர்களுக்காகவே 1991 முதல் ஓராண்டு டிப்ளமோ நடத்துகிறார்கள். முழு உதவித்தொகை உண்டு. இளநிலையில் அடிப்படை சற்று ஆட்டம் கண்டிருக்கிறது என்று நினைக்கிறவர்கள் அங்கே ஒரு வருடம் உட்கார்ந்து சரிசெய்துகொண்டு, நல்ல பிஹெச்டிகளுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

குழுவைப் பார்ப்பது எப்படி என்பதுதான் நான் அதிகம் கற்றுக்கொண்ட இடம். பேராசிரியரின் பெயரை, இயற்பியல் கட்டுரைகள் இலவசமாகக் கிடைக்கும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் போட்டுக் கடைசி மூன்று வருடக் கட்டுரைகளை எடுங்கள். முதல் ஆசிரியராக யார் இருக்கிறார்கள்? மாணவர்களா, முனைவர் பட்டம் முடித்த ஆய்வாளர்களா? ஒரே மாணவரின் பெயர் இரண்டு மூன்று கட்டுரைகளில் முதலாவதாக வருகிறதா? அப்புறம் அந்தக் குழுவிலிருந்து முடித்துப் போனவர்களின் ஆய்வேடுகளைத் தேடுங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அவற்றை இணையத்தில் வைத்திருக்கின்றன. நான் முதலில் திறப்பது கடைசிப் பக்கங்களிலோ தொடக்கத்திலோ வரும் நன்றியுரையை. வேறு எங்கும் எழுதாததை மனிதர்கள் அங்கே எழுதிவிடுகிறார்கள். ஓர் ஆய்வேட்டில் நெறியாளருக்கு ஒரே ஒரு வரி, "வாய்ப்பளித்ததற்கு நன்றி." அதே குழுவின் அடுத்த ஆய்வேட்டிலும் அதே ஒரு வரி. வேறொரு குழுவில், இரவு பதினொன்றரைக்கு வெற்றிடக் கசிவைக் கண்டுபிடிக்க நெறியாளரும் கூடவே தரையில் உட்கார்ந்திருந்ததைப் பற்றி ஒருவர் அரைப்பக்கம் எழுதியிருந்தார். தொழிற்பட்டறை மேஸ்திரியின் பெயரும் அதில் இருந்தது. இரண்டாவது குழுவின் பெயரை என் கோப்பில் சிவப்பில் எழுதினேன்.

நிதி எந்த வருடத்தில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் தொடக்க நிலை மானியம் ஐந்து வருடத்துக்கு 15 லட்சம் யூரோ வரை. அதன் முதல் வருடத்தில் இருக்கும் குழுவில் சேர்வதும் கடைசி வருடத்தில் சேர்வதும் ஒன்றல்ல. பேராசிரியரின் ஓய்வு வயது, அவர் வேறு இடத்துக்குப் போகும் பேச்சு, விடுப்பு ஆண்டு, இதையெல்லாம் நேரடியாகக் கேட்டுவிடலாம். "வரும் இரண்டு வருடத்தில் புது மாணவர்களை எடுப்பீர்களா?" இந்த ஒரு வரி மின்னஞ்சலை நான் முதல் தடவை அனுப்பியிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

மின்னஞ்சல் என்றதும் ஒன்று. "தங்கள் மதிப்புமிக்க ஆராய்ச்சியில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு" என்று தொடங்கும் கடிதங்கள் ஒரு பேராசிரியருக்கு வாரத்தில் பல வரும். நானும் நாற்பது அனுப்பியிருக்கிறேன், இரண்டு பதில் வந்தது. பிறகு, சிவப்பில் எழுதிய குழுவின் ஒரு கட்டுரையை நான்கு நாள் படித்தேன். மூன்றாவது படத்தில், 40 மில்லிகெல்வினுக்குக் கீழே (கெல்வினில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகெல்வின்; தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகில்) அளவீட்டுப் புள்ளிகள் வரைகோட்டிலிருந்து மெல்ல மேலே விலகிக்கொண்டே போயின. கட்டுரையில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. மாதிரிப்பொருள் உண்மையில் அவ்வளவு குளிரவில்லையா, இல்லை அதற்குப் பின்னால் இயற்பியல் ஏதாவது இருக்கிறதா என்று ஆறு வரியில் கேட்டு அனுப்பினேன். மறுநாள் பதில்: "எங்களுக்கும் முழுதாகத் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" அந்தப் பதிலை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. என்னிடம் ஒரு இயற்பியலாளரிடம் கேட்பதுபோல் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

கடைசியில் இரண்டு இடங்கள் நின்றன. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த பெரிய பெயர். மற்றது, சொன்னால் "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள். இரண்டு குழுக்களிலும் மூன்றாம் வருட மாணவர்களிடம் தனியாகப் பேச நேரம் கேட்டேன். நெறியாளர் இல்லாமல் பேசுவது முக்கியம். பெரிய பெயரில் இருந்தவர் நன்றாகத்தான் பேசினார், கருவிகள் எல்லாம் புதியவை என்றார். முடிக்கும்போது, "மறுபடியும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இங்கேயே சேர்வீர்களா?" என்று கேட்டேன். திரையில் அவர் முகம் அப்படியே நின்றது. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பின்னால் சுவர்க்கடிகாரத்தின் நொடிமுள் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் சொன்னார், "ப்ராஜெக்ட் நல்ல ப்ராஜெக்ட்தான்."

மற்ற இடத்தில் இரண்டு பேர் ஒரே திரையில் வந்து உட்கார்ந்தார்கள். ஆய்வகம் அடித்தளத்தில், ஜன்னல் கிடையாது. நெறியாளர் மானிய விண்ணப்ப மாதங்களில் மின்னஞ்சலுக்குப் பதிலே போடமாட்டார். ஒரு பழைய குளிர்விப்பான் ஆறு மாதம் கசிந்துகொண்டிருந்தது. குறைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவிட்டு, யார் அதைச் சரிசெய்தது என்று இருவரும் எனக்கு முன்னாலேயே வாதாடத் தொடங்கினார்கள். அதே கேள்வியை இவர்களிடமும் கேட்டேன். "சேர்வேன். ஆனால் முதல் வருடமே நிரலெழுத ஒழுங்காகக் கற்றுக்கொள்வேன்" என்றார் ஒருவர். அன்று மாலையே முடிவு செய்தேன். இந்தத் தடவையும் ஒரு மாலைப்பொழுதுதான், ஆனால் அதற்குப் பின்னால் ஏழு மாதத் தேடல் இருந்தது.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து கட்டணம் கொண்டுவந்துவிட்டது. விசாவுக்காக முடக்கு கணக்கில், அதாவது மாதாமாதம் ஓரளவு மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், ஒரு வருடச் செலவுப் பணத்தைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்தின் இரஸ்மஸ் முண்டுஸ் கூட்டு மாஸ்டர்ஸ் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, இரண்டு வருடம். இரண்டு மூன்று நாடுகளில் படிக்கலாம். அமெரிக்க பிஹெச்டியில் நிதியோடு இடம் கிடைத்தால், பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின்படி ஏப்ரல் 15 வரை யோசிக்க உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு முன் அவசரப்படுத்தினால் பயந்து கையெழுத்துப் போடாதீர்கள். சொந்தப் பணத்தில், கடன் வாங்கி பிஹெச்டி செய்யும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். நிதி தராமல் உங்களை எடுக்கும் குழுவுக்கு, நீங்கள் முடிக்காமல் போனாலும் இழப்பு இல்லை.

மொழியையும் சேர்த்துப் பாருங்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், கட்டுரையும் ஆங்கிலத்தில்தான். ஆனால் செப்புத்தகட்டில் அரை மில்லிமீட்டர் துளை போட்டுத்தருகிற பட்டறைக்காரர் அந்த ஊர் மொழியில்தான் பேசுவார். நான் அந்த மொழியில் முதலில் கற்ற சொற்கள் திருகு, மரை, வாஷர், "மன்னிக்கவும், வரைபடத்தில் அளவு தப்பு."

இப்போது என் வேலை ஒரு நீர்த்தல் குளிர்விப்பானோடு. ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவையை வைத்துச் சில மில்லிகெல்வின் வரை இறக்கும் கருவி. 1960-களில் நெதர்லாந்தின் லைடனில்தான் முதன்முதலாக ஓடியது. ஹீலியத்தை 1908-இல் முதலில் திரவமாக்கியதும், 1911-இல் மீகடத்தலை (மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடுவதை) கண்டதும் அதே ஊர். கருவியின் மேலே துடிப்புக்குழாய் என்கிற முதற்கட்டக் குளிர்விப்பி, நொடிக்கு ஒன்றரைத் தடவை கீச்சுக் கீச்சென்று விடாமல் கத்தும். முதல் வாரம் தலைவலிக்கும். அப்புறம் அது நின்றால்தான் தூக்கம் கலையும்.

போன மாதம் எங்கள் குழுவில் சேர யோசிக்கும் ஒரு மாணவியோடு பேசினேன். ஆய்வகத்திலிருந்தே பேசியதால் அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கிறது. என் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்பார் என்று தயாராக இருந்தேன். "அக்கா, பின்னால் கீச்சென்று கேட்பது என்ன?" என்றார். கைபேசியைத் திருப்பிக் காட்டினேன். இப்போது என்ன வெப்பநிலை என்று கேட்டார். 12 மில்லிகெல்வின் என்று படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த எண் சரி என்று எப்படித் தெரியும்? வெப்பமானி குளிர்ந்திருக்கலாம், மாதிரிப்பொருள் குளிர்ந்திருக்குமா?" என்றார்.

அதற்குப் பதில் சொல்லி முடிக்க நாற்பது நிமிடம் ஆனது.